மெமரி தீர்ந்தால் யாருக்கு வெட்டு?

அந்த வரி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "மெமரி தீர்ந்துவிட்டது, புரோகிராம் கொல்லப்பட்டது." பக்கத்தில் ஒரு எண், புரோகிராமின் பெயர், நேரம். மத்திய பட்ஜெட் அன்று இரவு 11.40க்கு என் லேப்டாப்பில் நடந்ததற்கு எஞ்சிய ஒரே சாட்சி அந்த வரிதான்.

கொல்லப்பட்டது நான் மொழிபெயர்க்கப் பயன்படுத்தும் சாஃப்ட்வேர். 15 ஆண்டுகளாக நான் மொழிபெயர்த்த வாக்கியங்கள், ஆங்கிலம் ஒரு பக்கம் தமிழ் ஒரு பக்கமாக, ஜோடி ஜோடியாக அதில் சேர்ந்திருக்கின்றன. நிதிப் பற்றாக்குறைக்கும் வருவாய்ப் பற்றாக்குறைக்கும் போன வருஷம் என்ன எழுதினேன் என்று அதுதான் எடுத்துக் கொடுக்கும். இந்தத் தொழிலில் அதற்கு 'மொழிபெயர்ப்பு நினைவகம்' என்று பெயர். நினைவகம் போதாமல் போனபோது முதல் பலி நினைவகமே.

இழப்பு பெரிதல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது தானாகவே சேமித்துக்கொள்ளும். ஏழெட்டு வாக்கியங்கள்தான் போயின. ஆனால் பக்கம் அச்சுக்குப் போக 20 நிமிடமே இருந்தது. உறுத்தியது வேறு விஷயம். அதே நேரத்தில் லேப்டாப்பில் திறந்து கிடந்தவை: நிதியமைச்சர் உரையின் வீடியோ (பார்த்து முடித்தாகிவிட்டது), நான்கு செய்தித் தளங்கள், மூலையில் டெல்லியின் வெப்பநிலையைக் காட்டும் ஒரு சின்னப் பெட்டி. இவற்றில் எதற்கும் ஒரு கீறலும் இல்லை. கையில் இருந்த வேலை மட்டும் காணோம்.

"தமிழ் எழுத்து நிறைய மெமரி சாப்பிடும், அதனால்தான்" என்றார் அலுவலக நண்பர் ஒருவர். தமிழ் எம்.ஏ. படித்தவர்களிடம் இப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூனிகோடில் வழக்கமாகச் சேமிக்கும் முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால் தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பது உண்மைதான். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், 15 பைட். அந்தக் கணக்கில் 2,000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரை 50, 60 கிலோபைட்டைத் தாண்டாது. ஆனால் 1.2 கோடி புள்ளிகள் கொண்ட ஒரு போட்டோவை மெமரியில் விரித்து வைத்தால், புள்ளிக்கு 4 பைட் வீதம், 48 மெகாபைட். ஒரு போட்டோ வைக்கும் இடத்தில் எண்ணூறு கட்டுரைகளை அடுக்கலாம். தமிழ் நிரபராதி.

விசாரணையைப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் அக்கா மகனிடம் ஒப்படைத்தேன். என் லேப்டாப் பழையது, 4 ஜி.பி. மெமரி, அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். வரியைப் படித்துக் காட்டியதும் சிரித்தான். "இருந்ததிலேயே அதுதான் பெருசு சித்தி. அதான் கொன்னுடுச்சு."

பெரியதாக இருப்பது ஒரு குற்றமா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலும், அதன்பின் நானாகத் தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டரில் மெமரி பற்றாக்குறை புதிய சமாச்சாரம் அல்ல. 1962 டிசம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'அட்லஸ்' என்ற கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. டாம் கில்பர்ன் தலைமையிலான குழு வடிவமைத்தது. அதன் வேகமான மெமரியில் 16,384 எண்களுக்குத்தான் இடம். மெதுவாகச் சுழலும் காந்த உருளையிலோ 98,304 எண்களுக்கு இடம் இருந்தது. அதுவரை எது எங்கே இருக்க வேண்டும் என்று புரோகிராம் எழுதுபவர் தன் கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். கில்பர்ன் குழு அந்தத் தலைவலியை இயந்திரத்திடமே விட்டது. மெமரியை 512 எண்கள் கொண்ட 'பக்கங்களாக'ப் பிரித்தார்கள். தேவைப்படும் பக்கம் உருளையிலிருந்து வேக மெமரிக்கு வரும். இப்போதைக்குத் தேவைப்படாது என்று தோன்றும் பக்கம் உருளைக்குப் போகும். புரோகிராமுக்கு எல்லாம் ஒரே பெரிய கிடங்காகத் தெரியும். இல்லாத இடம் இருப்பதாகக் காட்டும் இந்த வித்தைக்குத்தான் பின்னாளில் 'வெர்ச்சுவல் மெமரி' என்று பெயர் நிலைத்தது. உருளை போய் ஹார்ட் டிஸ்க் வந்ததே தவிர, இன்று நம் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரும் இதைத்தான் செய்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. திறந்திருக்கும் எல்லாப் புரோகிராம்களுக்கும் ஒரே நேரத்தில் தத்தம் பக்கங்கள் தேவைப்பட்டால், ஒன்றைக் கொண்டுவருவதற்காக வெளியே அனுப்பிய பக்கத்தையே அடுத்த கணம் திரும்பக் கொண்டுவர நேரும். வேலை நடக்காது, போக்குவரத்துதான் நடக்கும். 90களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்க, திரையில் மணல் கடிகாரம் நகராமல் நின்றது நினைவிருக்கும். இதை 1968இல் அமெரிக்காவின் பீட்டர் டென்னிங் அலசி விளக்கினார். ஆங்கிலத்தில் இதற்கு 'த்ராஷிங்' என்று பெயர். கதிரடிப்பதைக் குறிக்கும் சொல்லோடு பிறந்த சொல். தமிழில் 'போரடித்தல்' என்று மொழிபெயர்க்கலாம். நெல் மட்டும் உதிராது.

இப்போது நுணுக்கமான தந்திரங்கள் சேர்ந்திருக்கின்றன. டிஸ்குக்கு அனுப்பாமல், அதிகம் தொடப்படாத பக்கங்களை மெமரிக்குள்ளேயே நசுக்கி மடித்து வைப்பது அவற்றில் ஒன்று. ஆப்பிள் 2013இல் மேக் கம்ப்யூட்டர்களிலும், மைக்ரோசாஃப்ட் 2015இல் விண்டோஸ் 10இலும் இதைக் கொண்டுவந்தன. டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து மூடுவது போலத்தான். கொஞ்ச தூரம் வரை மூடும்.

அதற்கு மேல்? இங்கேதான் என் கொலை வழக்கு வருகிறது.

விண்டோஸ் கறாரான கடைக்காரர். இருக்கும் மெமரி, டிஸ்கில் அதற்கென ஒதுக்கிய இடம் இரண்டையும் கூட்டி வைத்திருக்கும். யாராவது கேட்டால், கூட்டுத்தொகைக்குள் அடங்கும் வரைதான் "சரி" என்று சொல்லும். அடங்காவிட்டால் கேட்ட இடத்திலேயே "இல்லை". லினக்ஸ் அப்படியல்ல, தாராளப் பேர்வழி. கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும்.

இது மோசடி அல்ல. எந்தப் புரோகிராமும் கேட்டதை முழுவதும் பயன்படுத்துவதில்லை. லினக்ஸின் பரம்பரையில் ஒரு புரோகிராம் தன்னையே இன்னொரு பிரதியாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அந்தப் பிரதி பெரும்பாலும் அடுத்த நொடியே வேறு வேலைக்குப் போய்விடும். அதற்காக 2 ஜி.பி. புரோகிராமுக்கு இன்னொரு 2 ஜி.பி.யை முன்கூட்டியே எடுத்துவைப்பது வீண். அதனால் வாக்கு மட்டும் கொடுத்துவிட்டு, உண்மையில் தொடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறது.

டெல்லித் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரயிலில் படுக்கைகள் தீர்ந்த பிறகும் டிக்கெட் விற்கிறார்கள். சிலர் ரத்து செய்வார்கள் என்ற நம்பிக்கையில்தான். ஆர்.ஏ.சி. கிடைத்தவர்கள் ஓரத்துக் கீழ்ப்படுக்கையில் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால் இடிக்க, விஜயவாடா வரை யாராவது வராமல் போவார்களா என்று டி.டி.ஆர். முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் யாருக்குப் படுக்கை, யார் வெயிட்டிங் லிஸ்ட் என்கிற முதல் பட்டியலை ரயில் கிளம்பும் முன்பே ரயில்வே போட்டுவிடுகிறது. லினக்ஸில் எல்லோரும் ஏறி, ரயில் கிளம்பி, நள்ளிரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் காலை நீட்டும்போதுதான் இடமில்லை என்று தெரியும். அப்போது கணக்குப் போட்டு ஒருவரை இறக்கிவிடும். ஓடும் ரயிலிலிருந்து.

கணக்கு என்றால் நிஜமாகவே கணக்கு. ஒவ்வொரு புரோகிராமுக்கும், அது பிடித்திருக்கும் மெமரிக்கு ஏற்ப ஒரு மதிப்பெண். அதிக மதிப்பெண் பெற்றது ஒழிந்தது. ஒருகாலத்தில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாக இருந்தது. நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குச் சலுகை உண்டு. சீனியாரிட்டி! 2010இல் அதையெல்லாம் எடுத்துவிட்டு, பெரியதே முதலில் என்ற எளிய விதிக்கு வந்தார்கள். ஒன்றைக் கொன்றாலே நெருக்கடி தீர வேண்டும், பத்தைக் கொல்லக் கூடாது என்பது நியாயம். பிரவுசர் போன்றவை தங்களைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. என் மொழிபெயர்ப்பு நினைவகம் 15 வருஷச் சுமையை ஒரே உடம்பாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

முன்னறிவிப்பாவது கொடுத்திருக்கலாமே? லினக்ஸில் ஒரு புரோகிராமை நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, "முடித்துக்கொள்" என்று சொல்லி, சேமிக்க வேண்டியதைச் சேமிக்க அவகாசம் தருவது. இன்னொன்று சிக்னல் 9. அது வந்தது தெரிவதற்குள் புரோகிராம் இருக்காது. மெமரி தீர்ந்தால் வருவது இரண்டாவது. காரணம் கேட்டதும் எனக்குக் கோபம் பாதி தணிந்தது: விடைபெற்றுச் சேமிப்பதற்கும் கொஞ்சம் மெமரி வேண்டும். அதுதானே இல்லை?

குறிப்பிட்ட புரோகிராமைத் தொடாதே என்று எழுதிவைக்க வழி இருக்கிறது. அதன் பெயருக்கு எதிரே -1000 என்று போட்டுவிட்டால் போதும். என் லேப்டாப்பில் போடச் சொன்னேன். போட்டுக் கொடுத்தான். "எல்லாத்துக்கும் போட்டுடாதீங்க சித்தி. கொல்றதுக்கு யாருமே இல்லேன்னா கம்ப்யூட்டர் மொத்தமா படுத்துடும்." மேக் கம்ப்யூட்டர் இந்த நிலையில் ஒரு பட்டியலைக் காட்டி, எதை மூடலாம் என்று நம்மையே கேட்கிறது. பார்க்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் இரவு முழுவதும் ஆள் இல்லாத அறையில் ஓடும் சர்வர் யாரிடம் போய்க் கேட்கும்?

இதே நெருக்கடியை வேறுவிதமாக எதிர்கொண்ட ஒரு கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1969 ஜூலை 20. அப்போலோ 11இன் 'ஈகிள்' நிலவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கம்ப்யூட்டரில் எழுதி அழிக்கக்கூடிய மெமரி மொத்தம் 2,048 எண்களுக்குத்தான். ஒரு கட்டுரைக்குக்கூடப் போதாது. திடீரென்று '1202' என்ற எச்சரிக்கை எண் ஒளிர்ந்தது. புது வேலையை எழுதிக்கொள்ள மெமரியில் இடம் காலி இல்லை என்பது அதன் பொருள். அந்த நேரத்தில் தேவைப்படாத ஒரு ரேடார் இணைப்பு கம்ப்யூட்டரின் நேரத்தைக் களவாடிக்கொண்டிருந்தது. அதனால் பழைய வேலைகள் முடிவதற்குள் புதிய வேலைகள் வந்து குவிந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் அப்போது உட்கார்ந்து மதிப்பெண் போடவில்லை. எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு, தன்னையே மறுபடி தொடங்கிக்கொண்டது. முன்பே எழுதிவைத்திருந்த பட்டியலைப் பார்த்து, வழியறிதல், என்ஜின் கட்டுப்பாடு போன்றவற்றை மட்டும் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. விண்வெளி வீரர்கள் கேட்டிருந்த ஒரு கூடுதல் கணக்கைத் திரையில் காட்டும் வேலை போன்றவை போயே போயின. இறங்கி முடிப்பதற்குள் 1202 நான்கு முறையும், அதன் உடன்பிறப்பான 1201 ஒரு முறையும் வந்தன. ஐந்து முறையும் இறங்கும் வேலை அறுபடவில்லை. எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆய்வகத்தில் ஹால்கோம்ப் லேனிங் என்பவர் வகுத்த அமைப்பு அது. இடம் தீரும் நாள் வரும் என்றும், அன்று எது போகலாம், எது போகக் கூடாது என்றும் தரையில் நிதானமாக உட்கார்ந்து முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கு இது அந்நியமல்ல. செய்தி எழுதும்போது முக்கியமானதை முதலிலும், போனால் போகட்டும் என்பதைக் கடைசியிலும் எழுதச் சொல்லித் தருகிறார்கள். பக்கத்தில் இடம் பற்றாதபோது உதவி ஆசிரியர் யோசிக்காமல் கீழிருந்து வெட்டலாம். ஆங்கில மூலத்துக்கு ஒதுக்கிய அதே கட்டத்துக்குள் தமிழை அடைக்கப் பாடுபடும் எங்களைப் போன்றவர்களுக்கு வாரா வாரம் இதுதான் பிழைப்பு. அதனால் என் ஓட்டு அப்போலோவுக்கே என்று இருந்தேன், சில மாதங்கள் முன்பு வரை.

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் காவலாளி பீகார்க்காரர். மகள் ஊரில் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்கான உதவித்தொகை விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக முடியவில்லை. கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று நாள். "மேடம்ஜி, என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்று இந்தியில் சொல்லிப் போனை நீட்டினார். பெயர், பிறந்த தேதி, பள்ளி, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறார். கடைசியில் வருமானச் சான்றிதழைப் படம் எடுத்து ஏற்றச் சொல்கிறது. பட்டனை அழுத்தினால் கேமரா திறக்கிறது. படம் எடுத்துத் திரும்பினால் படிவம் வெள்ளையாக இருக்கிறது. முதல் கட்டத்திலிருந்து மறுபடி.

அவரிடம் எந்தக் கோளாறும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் யாருக்கு வெட்டு என்பது அப்போலோ போலவே முன்பே வரிசைப்படுத்தப்பட்ட விஷயம். திரையில் இருப்பவருக்கு முழுப் பாதுகாப்பு. பின்னால் ஓரளவு வேலை செய்துகொண்டிருப்பவர் அடுத்து. சும்மா திறந்து கிடப்பவர்கள் முதல் பலி. கேமரா திறந்த கணத்தில் திரைக்குச் சொந்தக்காரர் கேமரா. படிவம் வைத்திருக்கும் பிரவுசர் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது. கேமராவுக்கோ நான் முன்பு சொன்ன 48 மெகாபைட் படங்கள், அதுவும் ஒன்றல்ல. 8 ஜி.பி. போனில் இது யாருக்கும் தெரியாமல் நடந்து முடியும். அவருடையது 2 ஜி.பி. பிரவுசர் செத்துப் பிழைத்து வந்து, பக்கத்தைப் புதிதாக இறக்கிக் கொடுக்கிறது. அது ஒரு செய்தித் தளமாக இருந்தால் நஷ்டமே இல்லை.

பின்வரிசைக்குப் போகும் முன் வேண்டியதைக் குறித்துவைத்துக்கொள்ள ஆண்ட்ராய்டு ஒவ்வோர் ஆப்புக்கும் ஒரு வாய்ப்புத் தருகிறது. நன்றாக எழுதப்பட்ட ஆப் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். கொல்லப்பட்டதே நமக்குத் தெரியாது. படிவத்தை எழுதியவர்கள் நினைத்திருந்தால், நிரப்பிய வரைக்கும் தங்கள் சர்வரில் சேமித்துவைத்திருக்கலாம். ஆனால் அவர்கள் அதைப் பெரிய கம்ப்யூட்டரில் எழுதி, பெரிய கம்ப்யூட்டரில் சோதித்திருப்பார்கள். 2017இல் 512 எம்.பி. மெமரியோடு வந்த ஜியோபோனும், 1 ஜி.பி.யும் அதற்குக் குறைவாகவும் உள்ள போன்களுக்காக அதே ஆண்டு கூகுள் கொண்டுவந்த 'கோ' ஆண்ட்ராய்டும் இந்த நாட்டில் யார் கையில் எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஈகிளுக்குப் பட்டியல் போட்டவர்களுக்கு அந்தப் பயணத்தில் எது முக்கியம் என்று தெரியும். ஆண்ட்ராய்டின் பட்டியலைக் கலிபோர்னியாவில் போட்டவர்களுக்கு, பின்வரிசையில் ஒரு வங்கிக் கணக்கு எண்ணும் மூன்று நாள் கெடுவும் உட்கார்ந்திருப்பது தெரிய வழியில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. திரையில் இருப்பதைக் காப்பாற்று என்பதைவிட நல்ல விதி எனக்கும் தோன்றவில்லை. தெரிந்திருக்க வேண்டியது படிவத்தை எழுதியவர்களுக்கு.

சான்றிதழை முதலில் தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, அதன்பின் படிவத்தைத் திறக்கச் சொன்னேன். 'கேமரா'வைத் தொடாமல் 'கேலரி'யைத் தொட வேண்டும். ஐந்தாவது முறையாக எல்லாவற்றையும் அடித்தார். போனது. விண்ணப்ப எண்ணை வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

அந்தத் தளத்தின் உதவி முகவரிக்கு, நிரப்பியதைச் சேமிக்கும் வசதி வேண்டும் என்று அன்றிரவே ஒரு கடிதம் அனுப்பினேன். நல்ல தமிழில் எழுதி, பிறகு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்து, மூன்றையும் இணைத்தேன். உடனே ஓர் ஒப்புகை எண் வந்தது. அதன்பின் எதுவும் வரவில்லை.